கணவனின் சம்மதம்

இறுதி வரைவு கைக்குக் கிடைத்ததிலிருந்து கையெழுத்து வைக்கும் நாள் வரை இருபத்தெட்டு நாட்கள். அந்த அவகாசத்தை வைத்தவர் என் வழக்கறிஞர் சுப்ரியா. சட்டம் அப்படிக் கேட்பதில்லையாம். ஆனால் அவசரப்படுத்திக் கையெழுத்து வாங்கினார்கள் என்று பின்னால் யாரும் சொல்லக்கூடாது என்றார்.

கல்யாணமாகி மூன்று வருடங்கள் கழித்து, நானும் அபிஷனும் எது யாருக்கு என்று எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம் அது. யோசனை அவருடையது.

"எங்கடை ஆக்கள் கனபேர் பிரிஞ்சு கோட்டிலை நிண்டு சீரழியினம். முன்னமே எழுதி வைச்சால் பயமில்லை."

"அப்ப பிரியப் போறமோ?"

"விசர்க்கதை கதையாதையும். காருக்கு இன்சூரன்ஸ் எடுத்தால் இடிக்கப் போறமெண்டோ அர்த்தம்?"

நான் சிரித்தேன். ஒப்பந்தம் எளிமையானது. லண்டனில் நாங்கள் இருக்கும் மோர்டன் வீடு அவருக்கு. கல்யாணத்துக்கு முன்பே அவர் பெயரில் வாங்கியது. கடனில் பாதியை மூன்று வருடமாக என் சம்பளத்திலிருந்து கட்டுகிறோம் என்பது உண்மைதான். ஆனால் எனக்கு யாழ்ப்பாணத்தில் கொக்குவில் வீடு இருந்தது. அப்பா சீதனமாக எழுதித் தந்தது.

சுப்ரியா சென்னைக்காரர். ஹவுன்ஸ்லோவில் ஒரு பயண முகவர் கடைக்கு மேலே அவருடைய அலுவலகம்.

"இந்த மாதிரி ஒப்பந்தம் இங்க கோர்ட்டை அப்படியே கட்டுப்படுத்தாது, கம்சிகா. ஆனா ரெண்டு பேருக்கும் தனித்தனி வக்கீல் இருந்து, சொத்தை மறைக்காம காட்டி, யாரும் வற்புறுத்தலேன்னா பெரும்பாலும் மதிக்கும். அப்புறம் மோர்டன் வீட்டுல பங்கு கேக்கறது ரொம்ப கஷ்டம். புரியுதா?"

"ஓம்."

"மூணு தடவை வந்துட்டீங்க. மொத்தம் பத்து வார்த்தை பேசியிருப்பீங்க. அதுல எட்டு ஓம்."

"ஓம்," என்றேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு, கொக்குவில் வீடு இன்றும் என் பெயரில் இருப்பதற்கு ஒரு பத்திரம் வேண்டும் என்றார்.

வீட்டின் உறுதிப் பத்திரம் எங்களோடு இருக்கும் மாமியின், அபிஷனின் அம்மாவின், அலுமாரியில் இருந்தது. கேட்கக் கூச்சமாக இருந்தது. என்னோடு படித்த மேரிசாந்தி யாழ்ப்பாணத்தில் காணிப் பதிவுக் கந்தோரில் வேலை செய்கிறாள். அவளுக்கு எழுதினேன்.

ஒன்பதாம் நாள் பதிவேட்டின் படத்தை அனுப்பினாள். வீடு என் பெயரில் இல்லை. பெப்ரவரியில் அபிஷனின் தங்கை துசியந்திக்குச் சீதனமாக எழுதப்பட்டிருந்தது. எனக்குப் பதிலாகக் கையெழுத்து வைத்தவர் அபிஷனின் பெரியப்பா குகதாசன். லண்டனுக்கு வரும் முன், எனக்காகக் கையெழுத்து வைக்கும் அதிகாரத்தை, அற்றோணியை, அவருக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். வாடகை எடுக்கவும் வீட்டுக்குச் சோலைவரி கட்டவும் என்றார்கள். நான் ஆஸ்பத்திரி இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். ஒரு புது இரசாயனப் போத்தல் வந்தால் அதன் துண்டுத்தாளைக் கடைசி வரி வரை படிப்பேன். அற்றோணியைப் படிக்கவில்லை. குடும்பத்து ஆட்கள் நீட்டிய தாளை எப்படிப் படிப்பது?

அதே பெப்ரவரியில் யாழ்ப்பாணத்தில் நடந்த துசியந்தியின் கல்யாணத்தில் நான் தட்டம் தூக்கினேன். வீட்டோடு கொடுக்கிறார்கள் என்று பந்தியில் பேசிக்கொண்டார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது.

அபிஷனுக்குத் தெரியாமல் நடந்திருக்கலாம். மாமியும் பெரியப்பாவுமாகச் செய்திருக்கலாம். ஒரேயொரு பரிசோதனை முடிவை வைத்து எதையும் தீர்மானிக்கக்கூடாது என்றுதான் எனக்குப் படிப்பித்திருக்கிறார்கள். சுப்ரியா, "பேப்பர் வந்துச்சா?" என்று கேட்கும்போதெல்லாம், "வருது," என்றேன்.

பன்னிரண்டாம் நாள் சாப்பிடும்போது சொன்னேன். "கொக்குவில் வீட்டை ஒருக்காப் போய்ப் பாக்கோணும் போலை கிடக்கு."

அபிஷன் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார். "இப்ப என்னத்துக்கு? வாடகைக்கு ஆக்கள் இருக்கினம்."

"பிள்ளைக்கு இப்பதான் வீட்டு நினைப்பு வந்திருக்கு," என்றார் மாமி அடுப்படியிலிருந்து. "குழம்புக்கு உப்புப் போடுற நினைப்பு எப்ப வருமோ."

அபிஷன் சிரித்தார். முள் எடுத்த பெரிய துண்டை என் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தார். அவருக்குத் தெரியாது என்று அன்று நான் முடிவு செய்தேன். அதற்கு ஆதாரம் அந்த மீன் துண்டு மட்டும்தான்.

இருபத்தாறாம் நாள், வேலை இடைவேளையில், மேரிசாந்தி துசியந்திக்கு எழுதிய உறுதியின் கடைசிப் பக்கத்தை அனுப்பினாள். கூடவே ஒரு குரல் பதிவு.

"கம்சி, எங்கடை தேசவழமைச் சட்டத்திலை மனிசியின்ரை காணியைக் கைமாத்த மனிசன்ரை சம்மதம் வேணுமடி. அதாலை அபிஷனும் கையெழுத்து வைச்சிருக்கிறார். பாத்திட்டுக் கதை."

படத்தைப் பெரிதாக்கினேன். பிறந்தநாள் வாழ்த்து அட்டைகளில் எனக்கு வைக்கும் அதே கையெழுத்து. துசியந்தியின் கல்யாணத்துக்கு மூன்று நாள் முந்திய தேதி. அன்று வாழைமரம் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வரும்போது எனக்குப் பிடிக்கும் என்று இரண்டு மீன் ரோல்ஸ் வாங்கி வந்தார். அவற்றைச் சுற்றிய தாள் இன்னும் சூடாக இருந்தது.

இடைவேளை முடிந்தது. குழாய்களைச் சரியான வரிசையில் அடுக்கினேன். ஒன்றும் தவறவில்லை.

மிச்சமிருந்த இரண்டு நாளும் அவர் சொல்வார் என்று காத்திருந்தேன். காரில் ஹவுன்ஸ்லோ போகும் வழியில்கூட. அவர் ட்ராபிக்கைத் திட்டினார்.

அவருடைய பிரதியில் தன் வழக்கறிஞர் முன் முந்தைய நாளே கையெழுத்து வைத்துவிட்டார். அதைக் கொடுக்க என்னோடு உள்ளே வந்தார்.

"அவங்க கையெழுத்து போடறப்ப நீங்க வெளியில இருக்கணும்," என்றார் சுப்ரியா.

"இருக்கிறன் மேடம். நான் என்ன, கையைப் பிடிச்சோ வைப்பிக்கப் போறன்?"

சுப்ரியா சிரிக்கவில்லை. "கம்சிகா, அந்தப் பேப்பர்? அது இல்லாம நான் சான்று எழுத முடியாது."

"யாழ்ப்பாணத்திலை கந்தோர் அலுவல் இழுபடும்," என்றார் அபிஷன். "வீடு எங்கை ஓடப் போகுது?"

"நான் அவங்களைக் கேட்டேன்."

"சொல்லுமன் கம்சி." அவர் கதவுப் பிடியில் கை வைத்தார்.

"நீங்கள் போகாதேங்கோ," என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "போகாதேங்கோ. அந்த வீடு இப்ப ஆற்றை பேரிலை?"

கதவில் இருந்த கையை எடுத்தார். ஒரு தடுமாற்றம் வரும் என்று அவர் முகத்தையே பார்த்தேன். வந்திருந்தால் நான் இன்னும் கொஞ்சம் காத்திருந்திருப்பேன்.

"இதென்ன கேள்வி? உம்மடை பேரிலைதான்."

மீன் துண்டை வைத்தபோது இருந்த அதே முகம்.

"இல்லை," என்றேன். "துசியந்தியின்ரை பேரிலை. அவவுக்குச் சீதனமா எழுதினது. சம்மதமெண்டு நீங்கள்தான் கையெழுத்து வைச்சனீங்கள்."