வரி முடிவில் ஓர் அடி

என் தம்பி சுமந்த் பாடகன். அவனுக்குப் பின்னால் பன்னிரண்டு வருஷமாக உட்கார்ந்து டிரம்ஸ் வாசிப்பவள் நான். திருவனந்தபுரத்தைச் சுற்றியுள்ள உற்சவங்களில் எங்கள் கானமேளாக் கச்சேரி போகாத மைதானம் கிடையாது. பந்தலைப் பிரித்ததும் என் வாசிப்பும் அதோடு போய்விடும். பதிவு என்று ஒன்றுகூட இல்லை. அதனால் அவன் கரமனையில் ஸ்டூடியோ பிடித்து, வெட்டாமல் ஒட்டாமல் ஒரே வீச்சில் பாடி வீடியோ போடப் போவதாகச் சொன்னபோது, நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். டிரம்ஸ்: ராஜஸ்ரீ என்று அதில் ஒரு வரி வர வேண்டும். அதற்குத்தான் அந்தத் தடியன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

"உன் சிம்பல் அடிச்சா அடங்கவே மாட்டேங்கறது அக்கா. என் குரல் அதுக்கு அடியில போயிடறது. ஸ்டூடியோவில தாளம் அடிக்கற மெஷின் இருக்கு, அது போறும்."

"பன்னெண்டு வருஷமா உனக்கு யாருடா அடிச்சா? மெஷினா?"

"பதிவு அன்னிக்கு மத்தியானம் பன்னெண்டு மணி வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள சிம்பல் அடங்கலைன்னா மெஷின்தான். பின்னே அழப்படாது."

அழுவதாம்! இவன் முன்னால் நான் எப்போது அழுதேன்?

ஸ்டூடியோவில் பதிவு செய்பவன் பெயர் அனீஷ். மலையாளத்துப் பையன்தான், எங்களோடு பழகிப் பழகித் தமிழும் கொஞ்சம் வரும். சிம்பல் தட்டை ஒரு தடவை அடிக்கச் சொன்னான். அடித்தேன். அவன் வாட்சைப் பார்த்துக்கொண்டே நின்றான். ஓசை ஓய்வதற்கு ஒன்பது செகண்ட் ஆயிற்று.

"சேச்சி, இது பாட்டு மைக்கில எல்லாம் கேறும், பாட்டை மூடும். கொறைக்கணும்."

ஸ்டாண்டை ஒரு சாண் உயர்த்தினான். போதவில்லை. துணி டேப்பைக் கிழித்துத் தட்டின் அடிப்பக்கம் பட்டை பட்டையாக ஒட்டினான். நான் தேடித் தேடி வாங்கிய தட்டு, அதற்குப் போய் பிளாஸ்திரியா! இன்னொரு தடவை அடிக்கச் சொன்னான். 'சங்'கென்று ஒரு சத்தம், எவர்சில்வர் டப்பாவை மூடியது போல அவ்வளவுதான். இரண்டே செகண்ட்.

ஹெட்ஃபோனைக் கொடுத்தான். மாட்டிக்கொண்டு ஒரு ரவுண்டு வாசித்தேன். என் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்டது. மேடையில் இருபது ஸ்பீக்கருக்கு நடுவில் நான் இதைக் கேட்டதே இல்லை. நன்றாகத்தான் வாசிக்கிறேன் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. சந்தோஷமாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

"இப்போ என்னடா சொல்றே?" என்றேன். சுமந்த் வாட்சைப் பார்த்தான். பதினொன்றேகால். வேண்டாவெறுப்பாக மைக் முன்னால் போய் நின்றான்.

பாட்டு தொடங்கியது. முதல் வரி முடிகிற இடத்தில் ஸ்வரத்தை நாலு எண்ணிக்கை பிடித்து நிற்க வேண்டும். வழக்கம்போல் அங்கே சிம்பலை அடித்தேன். டேப் ஒட்டிய தட்டு உடனே அடங்கியது. அடங்கிய இடத்தில் அவன் குரல் கேட்டது. இரண்டாவது எண்ணிக்கையிலேயே ஆடி, இறங்கி, உஸ்ஸென்று காற்றுப் போய் நின்றுவிட்டது.

அவனே பாட்டை நிறுத்தினான். "என்ன சத்தம் அது?"

"நீதான்."

அனீஷ் போட்டுக் காட்டினான். சுமந்த்தின் காது சிவந்துவிட்டது. இன்னொரு தடவை பாடினான். அதே இடம், அதே உஸ்.

எனக்கு அப்போதுதான் எல்லாம் ஞாபகம் வந்தது. ரொம்ப வருஷத்துக்கு முன்னால் ஓர் உற்சவத்தில் இவனுக்குக் காய்ச்சல். வரி முடிவில் மூச்சு தாங்கவில்லை. பாடுபவர் தடுமாறினால் டிரம்ஸ்காரர் சிம்பலை அடித்து மூடிக்கொடுக்க வேண்டும், பிறகு அதைப் பற்றிப் பேசக் கூடாது. கானமேளாக்காரர்களுக்குள் அப்படி ஒரு மரியாதை உண்டு. மூடிக்கொடுத்தேன். காய்ச்சல் போயிற்று, என் அடி போகவில்லை. கை பழகிவிட்டது. எப்படியும் கேட்காது என்று இவன் தொண்டையும் பழகிவிட்டது. தப்பு என்மேலும்தான். ஆனால் அதற்கு இவன் கொடுத்த பட்டம், 'அடங்காத சிம்பல்'!

"டேப்பைப் பிச்சு எடு," என்றான் சுமந்த்.

அனீஷ் விழித்தான். "சத்தம் நீளம் வேண்டாம்னு ஏட்டன்தானே சொன்னது?"

"எடுன்னா எடு!"

"எதுக்கு? மெஷின் போட்டுக்கோயேன்," என்றேன்.

"மெஷின்னா இதைவிட சீக்கிரம் நிக்கும் சேச்சி," என்றான் அனீஷ். "மூச்சு எல்லாம் நல்லா கேக்கும்."

சுமந்த் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "மேடையில அடிக்கற மாதிரி அடி. சத்தத்தை அடக்காதே. விட்டு அடி."

"பேரு?"

"போடறேன். அடிச்சுத் தொலை."

நானே டேப்பை உரித்தேன். வரிக்கு வரி விட்டு அடித்தேன். பேர் வரட்டும் என்று அடித்தேன்.

வெள்ளிக்கிழமை வீடியோ வந்தது. என் பெயரும் வந்தது. அதற்குக் கீழே ஜனங்கள் எழுதினார்கள். தேன் போன்ற குரல், டிரம்ஸ்தான் கெடுத்தது. யார் இந்தப் பெண், தகர டப்பாவைத் தட்டுகிறாள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் சுமந்த் அதற்கெல்லாம் பதில் போட்டிருந்தான்: 'மன்னிக்கவும். அக்காவுக்கு ஸ்டூடியோ பழக்கம் இல்லை. எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. அடுத்த பாட்டுக்கு வேறு ஆள்.'

எவ்வளவு சொல்லியுமா! படித்ததும் போன் செய்தேன். எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நெடுமங்காட்டில் கானமேளா. மைதானம் நிறைந்திருந்தது. அவன் மைக்கைக் கையில் எடுத்தான். வீடியோவில் வந்த பாட்டு என்று அறிவித்ததும் விசில் பறந்தது.

முதல் வரி முடிந்தது. சிம்பலை அடித்தேன். அடித்த மாத்திரத்தில் இடது கையால் தட்டின் விளிம்பை இறுக்கிப் பிடித்தேன். சத்தம் அந்த நொடியே செத்தது. அவன் குரல் மட்டும் இருபது ஸ்பீக்கரிலும் தனியாக நின்று, ஆடி, இறங்கி, உஸ்ஸென்று போயிற்று. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

திரும்பிப் பார்த்தான். பாட்டை நிறுத்த முடியாது, ஜனம் பார்க்கிறது. இரண்டாவது வரி. அடித்தேன், பிடித்தேன். மூன்றாவது வரியில் கழுத்து நரம்பு புடைக்க இழுத்துப் பார்த்தான், வரவில்லை. இப்போது நாலைந்து வரிசை சேர்ந்து சிரித்தது.

நடுவில் கீபோர்டு தனியாக வாசிக்கும் இடம் வந்தது. மைக்கைப் பொத்திக்கொண்டு என் பக்கத்தில் வந்தான். முகமெல்லாம் வேர்வை.

"அக்கா, விடு. உன் காலைப் பிடிக்கறேன். விட்டு அடி."

"உன் முறை வந்துடுத்து. போய்ப் பாடு."

பாடினான். வரி முடிவு வந்தது. அடித்தேன். பிடித்தேன்.