செம்பருத்தி ஸ்டிக்கர்

டெலேசியா மாதிரி ஒரு பிடிவாதக்காரியை வெலிங்டன் வட்டாரத்தில் எந்த நூலகத்திலும் பார்க்க முடியாது. போரிருவாவில் எங்கள் பள்ளி நூலகத்தை அவளும் நானும்தான் கவனித்துக்கொள்கிறோம். சமோவா, தோங்கா தீவுக்காரர்கள், மாவோரி பூர்வகுடிகள் என்று எங்கள் பிள்ளைகளைப் பற்றிய இளையோர் நாவல்களைத் தனி அலமாரியில் வைத்து, புத்தக முதுகில் செம்பருத்தி ஸ்டிக்கர் ஒட்டியது அவள் யோசனை. பிள்ளைகள் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார்களாம். ஆனால் அந்தப் பக்கம் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

"ஸ்டிக்கர் சின்னதா இருக்குடீ, அதான்" என்று இன்னும் பெரிதாக அச்சடித்தாள்.

இளையோர் இலக்கியத்தில் பன்மை பற்றிய நூலகர் மாநாட்டில் பேச அழைத்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பேச்சு எடுபட்டால் எல்லாப் பள்ளிகளிலும் செம்பருத்தி ஏறிவிடும். அது அவளுடைய நெடுநாள் கனவு. வந்தவர்களுக்குக் கொடுக்க ஸ்டிக்கர் சுருள்களை என் கார் டிக்கியில் அடைத்தாள்.

வாசலில் அமைப்பாளர் பெவர்லி பெயரட்டை மாட்டிவிட்டார். எங்கள் இருவர் அட்டையிலும் பளபளவென்று ஒரு மஞ்சள் நட்சத்திரம்.

"உங்கள மாதிரி ஆளுங்கள எல்லாரும் சுலபமா கண்டுபிடிக்கணும்ல?" என்றார். அன்பு வழியும் முகம். அதனிடம் எப்படிச் சண்டை போடுவது?

தேநீர் இடைவேளையில் நட்சத்திரத்தைப் பார்த்துப் பார்த்து வந்தார்கள். சமோவாப் பிள்ளைகளைப் படிக்க வைப்பது எப்படி என்று ஒருவர் கேட்டார். உங்கள் தேவாலயத்தில் என்ன சொல்கிறார்கள் என்று இன்னொருவர். டெலேசியாவின் கண்ணோ பலகாரத் தட்டுப் பக்கம் இருந்தது. அங்கே நட்சத்திரம் இல்லாத நாலு பேர் ஒரு பேய்க்கதைக்காக அடித்துக்கொண்டிருந்தார்கள். பேய்க்கதை என்றால் இவளுக்கு உயிர். ஆசையாகப் போய் நின்றாள். சட்டென்று பேச்சு அடங்கியது. மரியாதையாக வழிவிட்டு, "சமோவால பேய்க்கதை உண்டா?" என்றார்கள்.

திரும்பி வந்து ஸ்வெட்டரை இழுத்து அட்டையை மூடிக்கொண்டாள்.

"குளிருதாடீ?" என்றேன்.

"இல்ல. ரங்கி, நம்ம பிள்ளைங்க அந்த அலமாரியத் தாண்டும்போது எப்படிப் போவாங்க?"

"தலையத் திருப்பிக்கிட்டு."

"ம்" என்றவள் கேக்கைப் பாதியில் வைத்துவிட்டாள். எனக்குப் பயம் வந்துவிட்டது. அவள் சாப்பாட்டை மிச்சம் வைக்கிறவள் அல்ல.

மேடையில், கணினியில் தயாரித்து வந்த படங்களை அவள் திறக்கவே இல்லை. அட்டையிலிருந்து நட்சத்திரத்தை உரித்து விரலில் ஒட்டிக்கொண்டாள்.

"காலைல இத எனக்கு ஒட்டினாங்க. அன்பாத்தான் ஒட்டினாங்க. அப்புறம் ஒருத்தரும் எங்கிட்ட புத்தகத்தப் பத்திப் பேசல. என் பிள்ளைங்களுக்கும் நான் இதத்தான் பண்ணிட்டேன். பேய்க்கதைய பேய்க்கதைங்களோட வெக்காம, தனியா வெச்சு பூ ஒட்டினேன். எடுக்குற பிள்ளைய எல்லாரும் திரும்பிப் பாக்குற மாதிரி. அதுங்களுக்குக் கத பிடிக்காம இல்ல, கூச்சம். தயவுசெஞ்சு யாரும் என்னைப் பாத்து இதப் பண்ணாதீங்க."

கனவைத் தன் கையாலேயே கலைத்துவிட்டு நின்றாள். அந்த நிமிடம் அவள்மேல் எனக்கு வந்த பாசத்தைச் சொல்லி மாளாது.

எங்கள் மக்கள் வழக்கப்படி ஒருவர் பேசி முடித்தால் அவருடைய ஆட்கள் எழுந்து பாட வேண்டும். பாடாவிட்டால் அந்தப் பேச்சு அநாதை. அவளுடைய ஆள் நான் ஒருத்திதான். என் குரலைக் கேட்டுத்தான் தேவாலயப் பாடகர் குழுவிலிருந்து என்னை நாற்காலி அடுக்கும் வேலைக்கு மாற்றினார்கள். இருந்தும் எழுந்தேன். பதற்றத்தில் வாயில் வந்தது, மழலைகளுக்குக் கதை நேரத்தில் பாடும் வாத்துப் பாட்டு.

இரண்டாம் வரியில் அரங்கமே எழுந்துவிட்டது. அந்தப் பாட்டைப் பாடாத நூலகர் யார்? எல்லோரும் முழங்கையை மடக்கிச் சிறகடித்தார்கள். பெவர்லி அழுதுகொண்டே சிறகடித்தார்.

திரும்பும்போது, கார் வீட்டை நெருங்கியதும் மெல்லச் சொன்னாள்:

"ரங்கி, நகம் வெட்டிடாதடீ. நாளைக்கு அத்தனை பூவையும் உரிக்கணும்."