மூன்றாவது பத்தியில் இருந்த ஆள்

சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறவர்கள் தங்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி அனுப்ப வேண்டும். கெஸியா எழுதிய இரண்டு பக்கத்தை முதலில் படித்தவள், அவள் பட்டம் வாங்கிய பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே சம்பளம் வாங்கும் ஆலோசகர் அம்மாள். படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினாள்.

“கஷ்டம் நல்லாவே இருக்கு,” என்றாள், குழம்புக்கு உப்பு பார்த்தவள் மாதிரி. “ஆனா இந்த மூணாவது பத்தி வேணாம்மா. ரொம்பக் கோவம் தெரியுது. கஷ்டத்துல இருந்து நீ என்ன கத்துக்கிட்டேன்னு சொல்லி முடி. படிக்கிறவங்க மனசு லேசாகணும்.”

மனசு லேசாக வேண்டுமாம்! மூன்றாவது பத்தியில் கெஸியாவின் பெரியப்பா லெமுவேல் இருந்தார். அவரை எடுத்துவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு வந்த கேடு தானாக வானத்திலிருந்து விழுந்தது என்றாகிவிடும். அப்பாவைக் கொன்ற கேட்டுக்கு ஒரு முகவரி உண்டு என்பதைச் சொல்லத்தான் அவள் பேனாவையே எடுத்தாள். சரி என்று தலையாட்டிவிட்டு, ஒரு சொல்லையும் மாற்றாமல் தாளைப் பைக்குள் வைத்தாள்.

தென் கரோலினாவின் கடலோரத் தீவில் இருந்தது அந்தக் குடும்பத்தின் நிலம். அடிமைத்தளை அறுந்த கையோடு சைப்பியோ என்ற முப்பாட்டன் வாங்கியது. அவரும் உயில் எழுதவில்லை, அவர் பிள்ளைகளும் எழுதவில்லை. உயில் எழுதுகிறவன் சவப்பெட்டிக்காரனை வீட்டுக்கு அழைக்கிறான் என்பது தீவில் எல்லோருடைய நம்பிக்கையும். அதனால் நிலம் பங்காளிகள் அத்தனை பேருக்கும் பொதுவாகவே கிடந்தது. சட்டத்துக்கு இந்த அன்னியோன்னியமெல்லாம் புரியாது. ஒரு பங்காளி தன் பங்கை வெளியாளுக்கு விற்றால் போதும், அந்த வெளியாள் கோர்ட்டுக்குப் போய் முழு நிலத்தையும் ஏலத்துக்கு இழுக்கலாம். லெமுவேல் தன் பங்கை ஒரு உல்லாச விடுதிக் கம்பெனிக்கு விற்றார். மிச்சத்தைக் கம்பெனி கோர்ட் வாசலில் ஏலத்தில் எடுத்தது.

லெமுவேலின் தம்பி அமோஸ், கெஸியாவின் அப்பா, இறால் படகை விற்று வழக்காடித் தோற்றார். அந்தக் குளிர்காலத்திலேயே மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். குடும்பக் கல்லறையில்தான் புதைத்தார்கள். கல்லறை இப்போது விடுதியின் கேட்டுக்கு உள்ளே, கோல்ஃப் புல்வெளி ஓரத்தில் இருக்கிறது. கெஸியாவின் அம்மா ஆர்லெத்தா தினமும் காலையில் அதே கேட் வழியாக விடுதி அறைகளைச் சுத்தம் செய்யும் வேலைக்குப் போகிறாள். அப்போது யாரும் ஒன்றும் கேட்பதில்லை. புருஷன் கல்லறைக்குப் பூ வைக்கப் போனால் மட்டும் முன்கூட்டியே போன் செய்து அனுமதி வாங்க வேண்டும்.

நிலத்தை விற்ற காசில் லெமுவேல் தீவின் தேவாலயச் சபைக்குப் புதுக்கூரை போட்டார். சபை அவரைத் தன் காரியங்களைக் கவனிக்கும் தலைமை டீக்கன் ஆக்கியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை தீவில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் மழைக்கு ஒழுகாத கூரையின் கீழ் உட்கார்ந்துகொண்டு யார் வாயைத் திறப்பார்கள்? கேட்க ஆளில்லாமல் போகவே, அவர் ஆராதனையில் எழுந்து சாட்சி சொல்லும்போதெல்லாம், “நகரத்து வக்கீல் நம்ம நிலத்தத் தின்னுட்டானே” என்று கண்ணீர் விட ஆரம்பித்தார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். சொல்லிச் சொல்லி அவருக்கே அது உண்மையாகிவிட்டது என்பதுதான் இதில் கொடுமை.

மேல்படிப்புக்குப் போகிற பிள்ளைகளுக்கு அந்தச் சபை வருடத்துக்கு ஒருமுறை உதவித்தொகை கொடுக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளை மேடையேறித் தன் கட்டுரையை வாசிக்க வேண்டும் என்பது வழக்கம். அந்தக் குழுவுக்கும் லெமுவேல்தான் தலைவர். அவருக்குக் கெஸியா மூன்றாவது பத்தியை எடுத்துவிட்டு ஒரு பிரதி கொடுத்திருந்தாள். படித்துவிட்டு வீட்டுக்கே வந்தார்.

“இன்னும் கொஞ்சம் அழ வைம்மா,” என்றார் தோளைத் தட்டி. “உங்கப்பன் செத்தத முன்னாடி கொண்டாந்துடு. அந்தக் காலேஜ்காரனுங்க கண்ணீருக்குத்தான் கதவத் தொறப்பானுங்க. உனக்கென்ன, கதையா பஞ்சம்!”

“சரி பெரியப்பா,” என்றாள் கெஸியா. அவர் கை பட்ட இடம் எரிந்தது. அடுப்பில் தக்காளி போட்ட சிவப்புச் சோறு வெந்துகொண்டிருந்தது. அவருக்கும் ஒரு தட்டு வைத்துக் கொடுத்தாள். மனிதர் ரசித்துச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

அவர் கார் மறைந்ததும் ஆர்லெத்தா கையிலிருந்த இறாலை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“அங்க வேறத வாசிக்கப் போற. அதான?”

“ஆமா.”

“அவரு பேரு இருக்கா அதுல?”

“இருக்கு.”

“வேணாம்டி. உங்கப்பாவோட கூடப்பொறந்தவரு. இந்தச் சபைய விட்டா எனக்கு வேற யாரு இருக்கா? பணமும் போயிடும், மனுஷாளும் போயிடுவாங்க.”

“அப்பாவுக்கு யாரும்மா இருந்தா?”

ஆர்லெத்தா இறாலை உரிக்க ஆரம்பித்தாள். “உன் இஷ்டம். நான் காதப் பொத்திக்குவேன்.”

ஞாயிறன்று ஆர்லெத்தா வெள்ளைச் சீருடையும் வெள்ளைக் கையுறையுமாக வாசல் பக்கம் நின்றாள். வருகிறவர்களை உட்கார வைப்பது அவள் பொறுப்பு. முன்வரிசையில் உதவித்தொகை உறையோடு லெமுவேல். அந்தச் சபையில் மேடையில் ஒருவர் பேசினால் கீழே இருப்பவர்கள் சும்மா கேட்பதில்லை. ஒவ்வொரு வரிக்கும் குரல் கொடுத்துத் தூக்கிவிடுவார்கள். அதில் லெமுவேலை அடித்துக்கொள்ள ஆளில்லை.

கெஸியா வாசித்தாள். “உயில் இல்லாத நிலத்துக்கு நம்பிக்கைதான் வேலி.”

“சொல்லும்மா!” என்றது சபை.

“அந்த வேலியை உடைத்தது வெளியாள் அல்ல.”

“ஆமா, சொல்லு!” லெமுவேல் கண்ணை மூடிக்கொண்டு ஆட ஆரம்பித்துவிட்டார்.

“உள்ளே இருந்த ஒருவன் கதவைத் திறந்துவிட்டான்.”

பின்வரிசைகளில் வீசிக்கொண்டிருந்த கைவிசிறிகள் நின்றன. குரல்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. லெமுவேலுக்கு மட்டும் ஆவேசம் ஏறிக்கொண்டே போனது. “சொல்லு மகளே! விடாத!”

“எங்கள் வீட்டு மேசையில் சாப்பிட்டவன். என் அப்பாவின் சவப்பெட்டிக்கு முன்னால் நின்று தோள் கொடுத்தவன். அழுதவன்.”

சபையில் இப்போது ஒரே ஒரு குரல்தான் மிச்சம். லெமுவேல் எழுந்தே நின்றுவிட்டார். கன்னத்தில் நிஜக் கண்ணீர். “யாரு அவன்? பேரைச் சொல்லு, மகளே! ஆண்டவர் வீட்டுல என்ன பயம், பேரைச் சொல்லு!”

கெஸியா தாளிலிருந்து தலையைத் தூக்கினாள். இந்தக் கணத்துக்காகத்தான் அவள் சின்ன வயதிலிருந்தே பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அது இவ்வளவு இனிப்பாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

“லெமுவேல்,” என்றாள். “என் பெரியப்பா.”

அவர் கண்ணைத் திறந்தார். வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார். எல்லோரும் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போதகர் இருமினார்.

“அடியே நன்றி கெட்டவளே,” என்றார் கடைசியில், உறையை ஆட்டிக்கொண்டு. “உன் தலைக்கு மேல இருக்கே, இந்தக் கூரை, இத யாரு போட்டது?”

“எங்கப்பா போட்டது, பெரியப்பா,” என்றாள் கெஸியா. “நீங்க அவரோட மண்ண வித்துல்ல போட்டீங்க.”

பிறகு தாளைப் பார்த்துக் கடைசி வரிகளை வாசித்தாள். “இதிலிருந்து நான் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. யாரையும் மன்னிக்கவும் இல்லை. அவர் செய்ததைச் செய்யச் சட்டம் இடம் கொடுத்தது. இனி ஒருவரும் அதைச் செய்ய முடியாதபடி அடைக்க வேண்டும். அதற்குத்தான் சட்டம் படிக்க வருகிறேன்.”

உதவித்தொகை போயிற்று, அம்மாவின் சபையும் போயிற்று என்று நினைத்துக் கெஸியா தாளை மடித்தாள். வாசல் பக்கம் நிமிர்ந்து பார்த்தாள். ஆர்லெத்தா காதைப் பொத்தியிருக்கவில்லை. கையுறைகளைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டிருந்தாள்.

“ஆமென்,” என்றாள் ஆர்லெத்தா, சபை முழுக்கக் கேட்கும்படி.

பின்வரிசையில் யாரோ ஒரு கிழவர் “ஆமென்” என்றார். அப்புறம் இன்னொருத்தி. வரிசை வரிசையாக அது முன்னால் வந்தது. முன்வரிசையில் உறையோடு நின்றிருந்த லெமுவேலுக்கு மட்டும், அத்தனை வருடத்தில் முதல்முறையாக, அந்தச் சொல் வாயில் வரவில்லை.