முடி ரப்பர்

என் மகள் அபேனியின் முன்பற்களை ஆட்டம் காண வைத்தது நான்தான். யாரும் கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். கேட்டபோது நான் உடனே சொல்லவில்லை.

முன்பற்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியை மூட நினைத்த பெண் இபாதான் ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இங்கே அது அழகு. இல்லாதவர்கள் அரத்தால் ராவியாவது ஒரு சந்து வைத்துக்கொள்கிறார்கள். என் புருஷன் வீட்டில் யாருக்கும் அந்தச் செலவு இல்லை, எல்லாருக்கும் பிறவியிலேயே உண்டு. கட்டிக்கொண்டு போன வீட்டில் நமக்கு முன்னால் பிறந்தவர்களை நாங்கள் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். நாமாக ஒரு செல்லப்பேர் வைத்துக்கொள்ள வேண்டும். புருஷனின் அக்காவுக்கு நான் வைத்தது எலேஜி. பல்லில் சந்து உள்ளவள் என்று அர்த்தம். அன்றைக்கு அவள் வாயெல்லாம் பல்லாகத் திரிந்தாள். அவளுக்கு நான் 'புதுப்பொண்ணு'. கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆயிற்று, புருஷன் போய் எட்டு மாதமும் ஆயிற்று. இன்னும் புதுப்பொண்ணுதான்.

என் புருஷன் அடிகுன் லாரி மெக்கானிக். ஒரு செவ்வாய்க்கிழமை ஜாக்கி நழுவியது. நான் அழவில்லை. அழக்கூடாது என்று வைராக்கியம் எல்லாம் இல்லை, வரவில்லை. அடக்கத்துக்கு வந்தவர்களுக்கு நாற்காலி போட்டேன், சோறு போதுமா என்று பார்த்தேன், எச்சில் தட்டுகளை எடுத்தேன். "எப்படி நிக்கிறா பாரு, ஒரு சொட்டுத் தண்ணி வரலியே கண்ணுல" என்று அவன் சித்தி சொன்னது காதில் விழுந்தது. கோபம்கூட வரவில்லை. கையைக் கிள்ளினால் கிள்ளுவது தெரியும், வலிக்காது. அப்படித்தான் இருந்தேன்.

அவன் போன இரண்டாம் மாதம் அபேனிக்கு மேல் முன்பற்கள் இரண்டும் முழுசாக இறங்கின. நடுவில் அவனுடைய சந்து. எலேஜி பிள்ளையின் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, "வந்துட்டியாடா தம்பி" என்றாள். எட்டு வயசுப் பெண் பிள்ளையின் வாயைப் பார்த்து! அதற்கப்புறம் அதுவே தினப்படி ஆயிற்று. சந்தையில் மிளகாய்க் கடையை மூடிவிட்டு வந்தால் கூடையை இறக்குவதற்கு முன்னால், "எங்க, என் தம்பியக் காட்டு." அபேனி இளிப்பாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து பார்த்தார்கள். அடக்கத்துக்கு வந்த சித்தி மறுபடியும் பஸ் ஏறி வந்து பார்த்துவிட்டு ஒப்பாரி வைத்தாள்.

நான் மட்டும் பார்க்கவில்லை. பின்னால் உட்கார்ந்து தலை பின்னிவிடுவேன். சோறு போடும்போது தட்டைப் பார்ப்பேன். அவள் சிரித்தால் துவைக்க ஏதாவது இருக்கிறதா என்று எழுந்து போவேன். வேறு எதுவும் எனக்கு உறைக்காதபோது அந்தச் சந்து மட்டும் உறைத்தது. அதனால் அதை மூடிவிட முடிவு செய்தேன்.

எனக்கு முடி பின்னும் கடை. கடையில் சின்னப் பிள்ளைகளின் ஜடை நுனிக்குப் போடும் குட்டி ரப்பர்கள் டப்பா டப்பாவாக இருக்கும். இரண்டு பல்லையும் சேர்த்து ஒரு ரப்பர் மாட்டினால் ஒட்டிக்கொள்ளும் என்று போன் வீடியோவில் ஒருத்தி செய்தே காட்டினாள். அபேனி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கடையின் பின்னறையில் மாட்டிவிடுவேன். எலேஜி வருவதற்குள் கழற்றிவிடுவேன்.

முதல் நாள் அபேனி கேட்டாள், "ஒட்டிக்கிச்சுன்னா அப்பா எங்கம்மா உக்காருவாரு?"

"வாயை மூடு. அத்தைகிட்ட சொல்லாத" என்றேன்.

பதினைந்து நாளில் சந்து பாதியானது. ஒரு சாயங்காலம் கழற்றப் போனால் ரப்பரைக் காணோம். "முழுங்கிட்டேன் போலம்மா" என்றாள். ரப்பர்தானே, போய்விடும் என்று விட்டுவிட்டேன். மறுபடி மாட்டவும் இல்லை. அந்த மாதக் கடைசியில் ஈறு வீங்கியது. கஞ்சி குடித்தால் கஞ்சியில் ரத்தம். பற்கள் நீண்டுகொண்டே வருவதுபோல் இருந்தன. எலேஜி விரலால் தொட்டுப் பார்த்தாள். இரண்டும் ஆடின.

அவள்தான் எங்களைப் பல் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். வரிசையில் உட்கார்ந்தபடி எல்லாரிடமும் சொன்னாள், "எந்தப் பாவி கண்ணு வச்சாளோ! எங்க வீட்டுச் சந்து அது, சும்மா கெடக்குமா?" நான் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் எகான் இளவயதுப் பெண். எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "எலும்பு கரைஞ்சிருக்கு, எதனாலன்னு படத்துல தெரியல. மத்த பல்லெல்லாம் நல்லாருக்கு. இந்த ரெண்டு மட்டும் ஏன்?" என்றவர், குனிந்து அபேனியிடம் கேட்டார், "கண்ணு, இதுல நூலு, ரப்பரு ஏதாச்சும் யாராவது மாட்டுனாங்களா?"

அபேனி என்னைப் பார்த்தாள்.

"இல்ல டாக்டர்" என்றாள்.

"நீங்க சொல்லுங்கம்மா. இங்க ரெண்டு மூணு பிள்ளைங்க அப்படி வந்திருக்கு. ரப்பரு ஈறுக்குள்ள ஏறிடும், வெளிய தெரியாது, வேரைச் சுத்தி அறுத்துக்கிட்டே போகும்."

நான் பேசுவதற்கு முன்னால் எலேஜி எழுந்துவிட்டாள். "ரப்பரா? எங்க வீட்டுல மூடுறதுக்கு எவளுக்கு டாக்டர் கையி வரும்? ஊருல காசு குடுத்து வச்சுக்கிறாளுங்க! செத்துப்போன என் தம்பி அதுலதான் இருக்கான்!"

"சரிம்மா, உக்காருங்க. ரப்பர் இல்லன்னா இது வேற வியாதி. இந்த ஆட்டத்துக்கு ரெண்டையும் எடுத்துடறதுதான் நல்லது. எடுத்தா திரும்ப முளைக்காது."

அபேனி நாற்காலிப் பிடியை இறுகப் பிடித்திருந்தாள். இரண்டு பல்லும் போகப்போகின்றன என்பது அவள் காதில் விழுந்தது, விழுந்தும் வாயைத் திறக்கவில்லை. சொல்லாதே என்று நான்தானே சொல்லி வைத்திருந்தேன். என் மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது. எட்டு மாதத்தில் முதல்முதலாக வந்தது அதுதான்.

"நான்தான் மாட்டினேன். முடி ரப்பர்" என்றேன்.

டாக்டர் ஒன்றும் திட்டவில்லை, உடனே ஊசி கேட்டார். உதட்டிலும் ஈறிலும் மரத்துப்போக மருந்து போட்டு, ஈறைக் கொஞ்சம் விலக்கி, வளைந்த இடுக்கியால் துழாவினார். கறுப்பாக, ரத்தமும் அழுக்குமாக, சுருண்ட ஒரு சின்ன வளையம் வந்தது. தட்டில் போட்டார். என் கடை ரப்பர்தான். பிறகு சுத்தம் செய்து, இரண்டு பல்லையும் பக்கத்துப் பற்களோடு சேர்த்து மெல்லிய கம்பியால் ஒட்டினார். ஒட்டும்போது சந்தை அது முன்பு இருந்த அகலத்துக்கே விலக்கி வைத்தார்.

"ஆறு வாரம் பாப்போம். பிடிச்சாலும் பிடிக்கும், இப்பவே சொல்ல முடியாது" என்றார். கையுறையைக் கழற்றும்போது சாதாரணமாகச் சொன்னார், "இந்த வயசுல சந்து வரது சகஜம்மா. கோரைப்பல்லு இறங்குறப்ப பாதிப் பேருக்கு மேல தானா மூடிக்கும். ஒண்ணுமே பண்ணியிருக்க வேணாம்."

எலேஜி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பையைத் தோளில் மாட்டினாள்.

"மொரேனிக்கே, பிள்ளையக் கூட்டிட்டு வா" என்றாள்.

பத்து வருஷத்தில் அவள் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பஸ்ஸில் அவள் முன் சீட்டில் உட்கார்ந்தாள். நாங்கள் பின்னால். அபேனி உதட்டைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "என் வாயி இருக்காம்மா? தெரியவே இல்ல" என்றாள். "இருக்கு" என்றேன், ஜன்னலைப் பார்த்தபடி.

கம்பி அசையக் கூடாது, அதனால் பிள்ளை தானாகப் பல் தேய்க்கக் கூடாது, அம்மாதான் தினமும் காலையில் சந்துக்குள் சின்னப் பிரஷ் விட்டுச் சுத்தம் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மறுநாள் காலை முற்றத்துக் குழாயடியில் அவளை முக்காலியில் உட்கார வைத்தேன். எலேஜி தன் அறைக் கதவருகே கூடையோடு நின்றாள். எங்களிடம் வரவும் இல்லை, சந்தைக்குப் போகவும் இல்லை.

"ஆ காட்டு" என்றேன்.

காட்டினாள். பார்க்காமல் பிரஷ் விட முடியாது. பார்த்தேன். வீங்கிய ஈறு, கம்பி, நடுவில் அவன். சக்கரத்தடியிலிருந்து தலையை நீட்டி "சோறு கொண்டாந்தியா?" என்று இளிக்கும்போது தெரியுமே, அதே அகலம். நான் அதைத்தான் ரப்பர் போட்டு நெரித்திருக்கிறேன்.

வாயைத் திறந்தபடியே அபேனி கேட்டாள், "இருக்காராம்மா?"

"இருக்காரு."

சத்தமாகவே அழுதேன், தெரு கேட்கிற மாதிரி. கதவருகே கூடை தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது.

அபேனி என் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "அழாதம்மா" என்றாள். "கை ஆடுது. பல்லு விழுந்துடும்."