அலாரம் அடிக்காத பில்ட்

வீட்டில் அவளைச் சின்னவள் என்றுதான் கூப்பிடுவார்கள். அக்காவின் கணவர்தான் அலுவலகத்தில் அவளுக்கு மேலாளர். வீட்டில் ‘அத்தான்’, இங்கே ‘சார்’. வாய் தவறி மாற்றிச் சொல்லிவிட்டால் பக்கத்து மேசைக்காரர்களுக்கு அன்று முழுக்கக் கொண்டாட்டம்.

அவர்கள் எழுதியது, நோயாளிக்குச் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் கருவிக்கான மென்பொருள். சென்சார் வயர் கழன்றால் கருவி அலற வேண்டும். சின்னவளின் கணினியில் பில்ட் செய்தால், அதாவது நிரலைக் கருவியில் ஓடும் வடிவத்துக்கு மாற்றினால், அலறியது. வாடிக்கையாளருக்கு அனுப்புவதற்கென்றே இருந்த பில்ட் மெஷினில் செய்தால் கம்மென்று கிடந்தது.

“உன் கோடிங்தான் எங்கியோ சொதப்புது,” என்று கையை விரித்துவிட்டாள் டெஸ்டிங் பார்க்கிற பெண்.

நிரலும் அதேதான், அதை மாற்றித் தரும் கம்பைலரும் அதேதான். புராஜெக்ட் செட்டிங்ஸைக் குடைந்தாள். எல்லாம் ஒழுங்காக இருந்தது. பழைய பில்டை வழித்துத் துடைத்துவிட்டு முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தாள். அப்போதும் சத்தமில்லை. கடைசியில், என்னென்ன ஆப்ஷனோடு ஓடுகிறாய் என்று கம்பைலரையே கக்க வைத்தாள். திரையில் நீண்ட கட்டளையின் நடுவே, செட்டிங்ஸில் எங்குமே இல்லாத ஓர் ஆப்ஷன் இருந்தது. கணக்கை வேகமாகப் போடச் சொல்லும் ஆப்ஷன். வேகத்துக்காக, ‘வந்திருப்பது எண்தானா’ என்று பார்க்கும் சோதனையை அது தூக்கி எறிந்துவிடும். வயர் கழன்றால் சென்சாரிலிருந்து எண்ணல்லாத ஒன்றுதான் வரும். அலாரம் அந்தச் சோதனையைத்தான் நம்பியிருந்தது.

புராஜெக்டில் தெரியாதபடி, பில்ட் மெஷினின் சிஸ்டத்திலேயே யாரோ அதைச் செருகியிருந்தார்கள். அங்கே கைவைக்கும் உரிமை ஒருவருக்குத்தான் இருந்தது.

அவர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள்.

“ஸ்க்ரீன் ஆமை மாதிரி நகருதுன்னு கஸ்டமர் குதிச்சாங்க. அதைப் போட்டேன், பறந்துச்சு,” என்றார் அத்தான். “இப்படி ஆகும்னு சத்தியமா தெரியாது. அடுத்த வெர்ஷன்ல சத்தமில்லாம எடுத்துடறேன். விடு.”

“ஏற்கெனவே ஆஸ்பத்திரிக்குப் போன மெஷினெல்லாம்?”

“அதைத் திருப்பிக் கேட்டா என் கதை முடிஞ்சுது. உன் அக்காவை நினைச்சுப் பாரு.”

“நீங்களே மேல சொல்லிடுங்க அத்தான். சாயங்காலம் வரைக்கும் பார்க்கறேன்.”

அவர் சொல்லவில்லை. மாலையில் அவளே இயக்குநரின் அறைக்குப் போனாள். பில்ட் மெஷினில் கண்டதை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

கருவிகள் திரும்பி வந்தன. ஒரு வார்டில் வயர் கழன்றிருந்ததை நர்ஸ் ஒருவர் தற்செயலாகப் பார்த்திருக்கிறார், நோயாளி பிழைத்துக்கொண்டார். அத்தானை வேலையைவிட்டு அனுப்பினார்கள்.

அக்கா போனை எடுக்கவில்லை. சின்னவள் நேரிலேயே போனாள். அக்கா கதவைப் பாதிதான் திறந்தாள்.

“நீ பண்ணது தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. ஆனா உன் மூஞ்சியைப் பார்க்கவும் முடியலைடி. கொஞ்ச நாள் இந்தப் பக்கம் வராதே.”

“சரிக்கா.”

படியிறங்கும்போது, பின்னால் தாழ்ப்பாள் விழும் சத்தத்துக்காக அவள் காது காத்துக்கொண்டே இருந்தது. அது விழ வெகுநேரம் ஆயிற்று.