மில் வாடை

"டமார்!"

சத்தம் கேட்டு ஈரக்கையோடு வாசலுக்கு ஓடினாள். பள்ளிக்கூட வேன் மதில்சுவரில் மூக்கை நசுக்கிக்கொண்டு நின்றது. உள்ளே பிள்ளைகள் இல்லை. எல்லோரையும் இறக்கிவிட்டுத்தான் புருஷன் வீடு திரும்பியிருந்தான். அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

"பிரேக் பிடிக்கலடி," என்று இறங்கினான். கண் சிவந்திருந்தது. சிரிக்க என்ன இருக்கிறதோ, சிரித்துக்கொண்டே இருந்தான்.

தகவல் தெரிந்து வேன் முதலாளி வந்தார். பிரேக்கை மிதித்துப் பார்த்தார்; நன்றாகவே பிடித்தது. மூக்கைச் சுளித்தார்.

"என்னப்பா, வண்டிக்குள்ள கஞ்சா வாடை?"

"அது நம்ம வீட்டம்மா வாடைண்ணே! நார் மில்லுல வேலை. ஷிப்ட் முடிஞ்சா இதுலதானே கூட்டிட்டு வர்றேன். பின்ன, மல்லிகைப்பூ வாசமா வரும்?"

முதலாளியும் சிரித்துவிட்டார். மில் சங்கதி ஊரறிந்தது. கஞ்சாச் செடித் தண்டை உரித்துக் கயிற்றுக்கு நார் எடுக்கிறார்கள். போதை ஏறாத ரகம்தான். வாடை மட்டும் அச்சு அசல். பச்சைத் தண்டு அறுக்கும் பிரிவில் அவள் இருந்தபோது, வேன் வராத நாளில் பஸ்ஸில் ஏறினால் பக்கத்து ஸீட்டில் யாரும் உட்கார மாட்டார்கள். வீட்டில் தலையணை, துண்டு, அவன் சட்டை என்று எங்கே வாடை அடித்தாலும் பழியைத் தன்மேலேயே போட்டுக்கொண்டாள். தோல் உரியத் தேய்த்துக் குளித்தாள். "என்னால உனக்கும் நாறுது," என்று அவனிடம் மன்னிப்புகூடக் கேட்டிருக்கிறாள்.

போன மாதம் கைவலி என்று கெஞ்சிக் கேட்டு, கயிறு முறுக்கும் பிரிவுக்கு மாறினாள். அங்கே வருவது காய்ந்து வெளுத்த நார். வைக்கோல் வாசனைதான். "இனிமே வீடு நாறாது," என்று அவனிடம் ஆசையாகச் சொன்னாள். அன்றைக்கும் அவன் இப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தான். காதில் ஏறவே இல்லை போலிருக்கிறது. அதற்குப் பிறகும் தலையணை நாறியது. கூந்தலில் ஊறிப்போயிருக்கும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

"ஏம்மா, அப்படியா?" என்று முதலாளி அவள் பக்கம் திரும்பினார். "நீ ஒரு வார்த்தை சொல்லு, நான் கிளம்புறேன். காலையில இவனே வண்டிய எடுக்கட்டும்."

புருஷன் அவளைப் பார்த்துக் கண்ணடித்தான்.

அவள் வேனுக்குள் எட்டிப் பார்த்தாள். மோதிய வேகத்தில் எந்தப் பிள்ளையோ மறந்துவிட்டுப் போன தண்ணீர் பாட்டில் உருண்டு வந்து கிடந்தது. மேலே முயல் படம். எடுத்து முந்தானையால் துடைத்தாள்.

"அண்ணே, நான் கயிறு முறுக்குற பக்கம் மாறி ஒரு மாசம் ஆச்சு. அங்க இந்த வாடையே கிடையாது."