வைப்பர் குழாய்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றாம் வருடம், ஜப்பான்காரர் ஆட்சிக் காலம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. காஜா பெராங்கில் இருந்த கலியாணசுந்தரத்தின் பட்டறை முற்றத்துக்குள் ராணுவத்தின் பழைய பிக்அப் லோரி ஒன்று அலறிக்கொண்டே வந்து நின்றது. நின்ற பிறகும் அலறல் அடங்கவில்லை. ஆக்ஸிலேட்டரில் யாருடைய காலும் இல்லை. ஆனாலும் மேடேறும் வண்டியைப் போல இன்ஜின் இரைந்தது.

ஓட்டி வந்தவன் அப்துல் கய்யூம். அவன் இறங்கியதும், பக்கத்தில் உட்கார்ந்து வந்த ஜப்பானிய சார்ஜண்ட் அவனைப் பிடரியில் கைவைத்துத் தள்ளி வெயிலில் மண்டியிட வைத்தான். பின்னாலிருந்து மொழிபெயர்ப்பாளர் நல்லையா இறங்கினார். ஜப்பான் சண்டைக்கு முன்பு ஓர் ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர்.

"சுந்தரம், நல்லாக் கேட்டுக்கோ. இந்த வாரம் ரெண்டு தடவை டாங்கியில பெட்ரோல் குறைஞ்சிருக்கு. இன்ஜின் இப்படி ஓடி ஓடிக் குடிச்சிருச்சுங்கிறான் கய்யூம். இவன் பெட்ரோலைத் திருடிட்டு, மறைக்கிறதுக்காக வண்டியைக் கெடுத்து வச்சிருக்கான்னு சார்ஜண்ட் சொல்றாரு. என்ன கோளாறுன்னு நீதான் காட்டணும்."

"காட்டினா?"

"தானாக் கெட்டதுன்னா இவன் வீட்டுக்குப் போவான். இல்லேன்னா..." நல்லையாவின் பார்வை சார்ஜண்டின் இடுப்பு வாளுக்குப் போனது.

கலியாணசுந்தரம் பானட்டைத் தூக்கினார். சார்ஜண்ட் தோளோடு தோளாக வந்து நின்றான். ஆக்ஸிலேட்டர் கம்பி சிக்காமல் ஓடியது; ஸ்பிரிங் சரியாக இழுத்தது. சோக் முழுசாகத் திறந்திருந்தது. வேகம் வைக்கும் திருகின் மேல் பழைய புழுதி கலையாமல் ஒட்டியிருந்தது.

"இதை யாரும் தொடலைன்னு சொல்லுங்க கிராணியாரே."

இன்ஜினை நிறுத்தி, கார்புரேட்டரில் கிடந்த பெட்ரோலை ஒரு தகர டின்னில் இறக்கிச் சுத்தம் செய்து மாட்டினார். திரும்பவும் அதே அலறல். கார்புரேட்டரின் வாயை உள்ளங்கையால் அடைத்துப் பார்த்தார். காற்று போகாமல் இன்ஜின் திணறி நிற்க வேண்டும். நிற்கவில்லை. வேறு எங்கிருந்தோ காற்று உள்ளே போகிறது. இணைப்புகளின் மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டார். சத்தம் மாறவில்லை.

சார்ஜண்ட் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். கய்யூமின் தாடையிலிருந்து வேர்வை மண்ணில் சொட்டியது.

மிச்சம் இருந்தது வைப்பர் குழாய் ஒன்றுதான். அந்தக் காலத்து வண்டிகளில் இன்ஜின் உறிஞ்சும் காற்றிலேயே கண்ணாடியைத் துடைக்கும் வைப்பர் ஓடும். அதற்காக ஒரு ரப்பர் குழாய் இன்ஜினிலிருந்து மேலே போகும். அதை இரண்டு விரலால் நசுக்கினார். அலறல் பட்டென்று இறங்கி, வண்டி நிதானமாகத் துடித்தது. விரலை எடுத்தார், மறுபடி அலறியது.

நல்லையா மூச்சு விட்டார். சார்ஜண்ட் தலையை உள்ளே நீட்டினான்.

கலியாணசுந்தரம் இன்ஜினை அணைத்துவிட்டு குழாயின் மேல் நுனியை இழுத்தார். பிடிப்பே இல்லாமல் கையோடு வந்தது. நுனி உப்பி, கொழகொழவென்று இருந்தது. வெயிலில் கெட்ட ரப்பர் காய்ந்து வெடிக்கும், இப்படி உப்பாது. பெட்ரோல் உள்ளே ஓடி ஊறினால்தான் உப்பும். விளிம்பில் பல் பதிந்த தடமும் இருந்தது. இந்தக் குழாயை டாங்கிக்குள் விட்டு யாரோ வாயால் உறிஞ்சியிருக்கிறார்கள்.

அவர் கய்யூமைப் பார்க்கவில்லை. பார்த்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

சார்ஜண்ட் கையை நீட்டினான்.

கலியாணசுந்தரம் குறட்டை எடுத்து, பல் தடத்தின் மேலேயே அழுத்திப் பிடித்து முறுக்கினார். கத்தியால் அந்த நுனியை மட்டும் அறுத்தார். முன்பே இருந்த பெட்ரோல் வாடைக்கு ஒரு காரணம் இருக்கட்டும் என்று, பிசுக்கைக் கழுவுகிறவர்போலத் தகரத்துப் பெட்ரோலில் முக்கி, துணியால் அழுத்தித் தேய்த்து, இரண்டு கையாலும் பணிவாக நீட்டினார்.

சார்ஜண்டின் அறை காதோடு விழுந்தது. தகரம் உருண்டது.

"ராணுவத்துப் பெட்ரோலை எதுக்குடா வீணாக்கினேன்னு கேக்குறாரு," என்றார் நல்லையா. "ஏன் இது உப்பியிருக்குன்னும் கேக்குறாரு."

"வண்டி பழசு. எண்ணெயும் சூடும் பட்டு ரப்பர் இளகிப் போச்சு. பிடிப்பு விட்டதும் காத்து உள்ள போகுது. அதான் இந்த ஓட்டம், அதான் பெட்ரோலையும் இப்படிக் குடிச்சிருக்கு."

சார்ஜண்ட் துண்டை முகர்ந்தான், புரட்டினான், தூர எறிந்தான். மிச்சக் குழாயை மாட்டச் சொல்லி, மூன்று தடவை வண்டியைக் கிளப்பவும் நிறுத்தவும் வைத்தான். மூன்று தடவையும் இன்ஜின் அடங்கியே ஓடியது. அதன் பிறகுதான் கய்யூமை எழச் சொன்னான். கால் மரத்துப்போன கய்யூம் மட்கார்டைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

லோரி போனதும் கலியாணசுந்தரம் ஸ்பேனரை எடுத்து, திரும்ப வைத்துவிட்டார். அன்று முழுக்க அவர் வேறு வேலை எதையும் தொடவில்லை.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து கய்யூம் தனியாக வந்தான். பட்டறைக்குள் நுழையாமல் வாசலிலேயே நின்றான்.

"அண்ணே, புக்கிட் ரம்பாய்ல ஒருத்தன் காய்ச்சலுக்குக் குடுக்கிற கொயினா மாத்திரை வச்சிருந்தான். பெட்ரோல் தந்தாத்தான் தருவேன்னுட்டான். எம் மக சித்திக்கு ஒன்பது நாளா குளிர்க் காய்ச்சல்ணே..."

"என் கழுத்தையும் சேர்த்துல்ல நீட்டி வச்சே! எனக்கும் வீட்டுல மூணு பேரு இருக்காங்க. தெரியுமா உனக்கு?"

"தெரியும்ணே."

"இனிமே இந்தப் பக்கம் வராதே."

கய்யூம் தலையாட்டிவிட்டுத் திரும்பினான். சாலை வரை போய்விட்டான்.

"டேய், நில்லு," என்றார் கலியாணசுந்தரம். "பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுச்சா இல்லையா? அதைச் சொல்லாமலே போறியே."

"நேத்துலேர்ந்து இல்லைண்ணே. கஞ்சி கேட்டுக் குடிச்சா."

அவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கய்யூம் சாலையோடு நடந்தான்.